சும்மா படுத்திருந்தாலே 46 வாட்! குழந்தைகளின் ஆற்றல் கணக்கு தெரியுமா?

காலையில் கண் விழித்தும் எழுந்திருக்க மனமில்லாமல் ஒரு ஆறு வயதுப் பையன் பாயில் புரளாமல் கிடக்கிறான். எடை 20 கிலோ. பள்ளிக்குக் கிளம்பவில்லை, ஓடவில்லை, இன்னும் பேசக்கூட ஆரம்பிக்கவில்லை. அந்த நிமிடத்தில் அவன் உடம்பு எவ்வளவு ஆற்றலைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது தெரியுமா? உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து 1985இல் வெளியிட்ட சூத்திரத்தில் அவன் எடையைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 950 கிலோ கலோரி வரும். அதை மின்சாரக் கணக்கில் மாற்றினால் 46 வாட். நம் வீட்டுத் திண்ணையில் ஒரு காலத்தில் எரிந்த 40 வாட் குண்டு பல்பைவிட அதிகம்!

இன்னும் கேளுங்கள். பக்கத்தில் படுத்திருக்கும் அப்பாவுக்கு 60 கிலோ எடை. அதே சூத்திரப்படி அவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 27 கிலோ கலோரி போதும். பையனுக்கோ ஒரு கிலோவுக்கு 47! இருவரும் சும்மா கிடக்கும்போதே இந்த வித்தியாசம். எழுந்து ஓட ஆரம்பித்தால்? அதை அளக்கத்தான் விஞ்ஞானிகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாடுபட்டு வருகிறார்கள். அந்த முயற்சியின் ஒவ்வொரு கட்டமும் ஓர் அதிசயம்.

முதலில் மாட்டிக்கொண்டது ஒரு கினிப்பன்றி. 1780களின் தொடக்கத்தில் பாரிஸில் லவாய்சியரும் லாப்லாஸும் அதை ஒரு பாத்திரத்தில் வைத்துச் சுற்றிலும் பனிக்கட்டியை அடுக்கினார்கள். உருகிய தண்ணீரை எடை போட்டு, அந்தச் சின்ன உடம்பிலிருந்து வெளிவந்த வெப்பத்தைக் கணக்கிட்டார்கள். மூச்சு விடுவதும் அடுப்பு எரிவதும் அடிப்படையில் ஒன்றேதான் என்று அப்போதுதான் புலப்பட்டது. அடுத்து மனிதர்! செகான் என்ற உதவியாளர் முகமூடி மாட்டி உட்கார்ந்து, காலால் மிதிகட்டையை அழுத்த அழுத்த, அவர் இழுக்கும் ஆக்ஸிஜன் கூடிக்கொண்டே போனது. அந்தக் காட்சியைப் படமாக வரைந்து, மேசையருகே உட்கார்ந்து குறிப்பெடுக்கும் தன்னையும் அதில் சேர்த்து வைத்தவர் லவாய்சியரின் மனைவி மரி ஆன். அந்தப் படம் இன்றும் இருக்கிறது.

ஆக, வெப்பத்தை நேரடியாகப் பிடிக்க வேண்டியதில்லை, மூச்சைப் பிடித்தால் போதும். 1911இல் இங்கிலாந்தின் டக்ளஸ் ஒரு பெரிய பையைக் கண்டுபிடித்தார். முதுகில் அதைச் சுமந்துகொண்டு மலையேறலாம், நடக்கலாம். வெளிவிடும் காற்றெல்லாம் குழாய் வழியாகப் பைக்குள் போய்ச் சேரும். பிறகு பையிலுள்ள காற்றில் ஆக்ஸிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது, கார்பன் டை ஆக்ஸைடு எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். 1949இல் கிளாஸ்கோவின் வியர் அதற்கு ஒரு சின்னச் சூத்திரம் கொடுத்தார். உள்ளே எடுத்த ஆக்ஸிஜன் லிட்டரை 3.94ஆல் பெருக்கு, வெளிவிட்ட கார்பன் டை ஆக்ஸைடு லிட்டரை 1.11ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டு. அவ்வளவுதான், கிலோ கலோரி வந்துவிடும்! ஓடிவரும் ஒரு பிள்ளை நிமிடத்துக்கு 0.8 லிட்டர் ஆக்ஸிஜனை எடுத்து 0.7 லிட்டர் கார்பன் டை ஆக்ஸைடை விட்டால், நிமிடத்துக்கு 3.9 கிலோ கலோரி. இன்றைய ஆய்வுக்கூடத்தில் ஓடும் அதிநவீனக் கருவிகளும் அடியாழத்தில் இந்தக் கூட்டல் பெருக்கலைத்தான் செய்கின்றன.

பிள்ளைகளை எப்போது இந்தக் குழாய்களுக்குள் கொண்டுவந்தார்கள் தெரியுமா? 1938இலேயே! அமெரிக்காவில் ஹார்வர்டின் களைப்பு ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபின்சன், 6 வயதுப் பையன்கள் முதல் 91 வயதுத் தாத்தா வரை ஓடும் பட்டையில் ஏற்றி அளந்தார். 1952இல் ஸ்டாக்ஹோமில் ஆஸ்ட்ராண்ட் இன்னும் கீழே இறங்கி 4 வயதுக் குழந்தைகளிடமே போய்விட்டார். நாலு வயதுக் குழந்தையைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய சாதனை என்று!

இப்போது ஒரு பெரிய குளறுபடிக்கு வருவோம். உடற்பயிற்சி அட்டவணைகளில் ‘மெட்’ என்று ஓர் அளவு பார்த்திருப்பீர்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் 1 மெட், வேகமாக நடந்தால் நாலு சொச்சம், ஓடினால் எட்டு என்று போகும். 1 மெட் என்றால் ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லி லிட்டர் ஆக்ஸிஜன், அதாவது மணிக்குச் சுமார் 1 கிலோ கலோரி. இது வளர்ந்தவர்களின் உடம்புக்கு வகுத்த கணக்கு. நம் 20 கிலோ பையனை இதில் போட்டால் என்ன வரும்? சும்மா இருக்கும்போது மணிக்கு 20 கிலோ கலோரி. உண்மையில் அவன் செலவழிப்பதோ மணிக்கு 40! ஓய்வுக் கணக்கிலேயே பாதிக்குப் பாதி காணாமல் போகிறது. கையில் கட்டும் கடிகாரமும் கைபேசிச் செயலியும் பெரியவர்களின் கணக்கை வைத்துக்கொண்டு குழந்தையின் கலோரியைச் சொன்னால், அந்த எண்ணை நம்பிச் சாப்பாட்டைக் குறைக்கவோ கூட்டவோ தயவுசெய்து இறங்காதீர்கள்.

இந்தக் கோணலை நிமிர்த்தத்தான் 2018இல் அமெரிக்காவில் நான்சி பட்டும் அவர் குழுவினரும் பிள்ளைகளுக்கென்றே தனியான தொகுப்பை வெளியிட்டார்கள். 196 செயல்கள்! நடை, ஓட்டம், பந்து, கயிறு தாண்டுதல், வீட்டு வேலை, கணினி விளையாட்டு எல்லாம் உண்டு. 6 முதல் 18 வயது வரை நான்கு பிரிவு. ஒவ்வொரு செயலுக்கும் பெரியவரின் ஓய்வோடு ஒப்பிடாமல், அந்தந்த வயதுப் பிள்ளையின் ஓய்வுச் செலவோடு ஒப்பிட்டுப் பெருக்கல் எண் தந்திருக்கிறார்கள். ஒரே விளையாட்டுக்கு ஏழு வயதில் ஓர் எண், பதினேழு வயதில் வேறோர் எண்.

சரி, எண் கிடைத்துவிட்டது. குழந்தை எத்தனை நேரம் ஓடியது என்று தெரிந்தால்தானே பெருக்க முடியும்? இங்கேதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வியப்பு காத்திருக்கிறது.

1990களில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் 6 முதல் 10 வயது வரையிலான 15 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். கருவியை நம்பாமல் கண்ணையே நம்பினார்கள். நாலு மணி நேரம் ஒரு குழந்தையின் பின்னால் போவது, 3 நொடிக்கு ஒரு முறை அது உட்கார்ந்திருக்கிறதா, நிற்கிறதா, தாவுகிறதா, ஓடுகிறதா, எவ்வளவு வேகம் என்று குறிப்பது. நாலு மணி நேரத்தில் 4,800 குறிப்பு! நினைத்துப் பாருங்கள், குழந்தை மரத்துக்குப் பின்னால் ஒளிந்தாலும், சட்டென்று திரும்பி எதிர்ப்பக்கம் ஓடினாலும், நின்ற இடத்திலேயே குதித்தாலும் கண் விலகக் கூடாது. 1995இல் முடிவு வெளியானது. ஒரு குழந்தையின் தீவிரமான ஓட்டம் பொதுவாக எவ்வளவு நேரம் நீடிக்கிறது? 3 நொடி. ஆம், மூன்றே நொடி! மிதமான, மெதுவான அசைவுகள்கூட 6 நொடிதான். தீவிர அசைவுகளில் நூற்றுக்கு 95, 15 நொடிக்குள் முடிந்துவிடுகின்றன. மொத்த நேரத்தில் தீவிரமாக ஓடியாடியது வெறும் 3.1 சதவீதம், 77 சதவீத நேரம் மெதுவான அசைவில்தான் கழிந்தது. ‘நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறான்’ என்று நாம் அலுத்துக்கொள்ளும் அதே பிள்ளை! ஓடி, நின்று, குனிந்து எதையோ பொறுக்கி, மறுபடி ஓடி. ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையே உள்ள இடைவெளிகூட பெரும்பாலும் நாலேகால் நிமிடத்தைத் தாண்டுவதில்லை. நமக்கு ஓயாத ஓட்டமாகத் தெரிவது அதனால்தான்.

இந்த 3 நொடி என்ற ஒரு எண், இடுப்பில் கட்டும் அசைவுமானிகளின் கணக்கையே புரட்டிப் போட்டுவிட்டது. ஆக்சிலரோமீட்டர் என்ற அந்தச் சின்னப் பெட்டி உடம்பின் குலுக்கலைப் பதிவு செய்யும். ஆரம்பக் கருவிகளில் நினைவகம் குறைவு. அதனால் ஒரு நிமிடத்துக் குலுக்கலையெல்லாம் கூட்டி ஒரே எண்ணாக வைத்துக்கொள்ளும். பெரியவர்கள் அரை மணி நேரம் ஒரே சீராக நடப்பார்கள், அவர்களுக்கு அது போதும். ஒரு சிறுமி 5 நொடி அம்பாகப் பாய்ந்து, மீதி 55 நொடி தோழியோடு பேசிக்கொண்டு நின்றால்? அந்த நிமிடத்தின் சராசரி ‘லேசான அசைவு’ என்று வந்துவிடும். அவள் பாய்ச்சல் காணாமலே போய்விடும்! அதனால்தான் குழந்தை ஆய்வுகளில் நிமிடத்தைத் துண்டாக்கி 15 நொடி, 5 நொடி, 1 நொடி என்று இறங்கினார்கள். இப்போதைய கருவிகள் நொடிக்கு 30 முதல் 100 முறை வரை அளக்கின்றன.

அப்படியும் இந்தப் பெட்டி ஏமாறும் இடங்கள் உண்டு. சைக்கிள் மிதிக்கும்போது கால்தான் உழைக்கிறது, இடுப்பு அசைவதே இல்லை. மாடிப்படி ஏறும் பிள்ளையின் முதுகில் புத்தக மூட்டை கனக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. ஊஞ்சலில் உட்கார்ந்து யாரோ ஆட்டிவிட, சுகமாக ஆடும் குழந்தையோ கருவியின் கண்ணுக்கு உழைப்பாளி! குலுக்கல் வேறு, உழைப்பு வேறு. இரண்டையும் பொருத்திப் பார்க்க வேறொரு சாட்சி தேவைப்பட்டது.

அந்தச் சாட்சி ஓர் அறை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பேய்லர் மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் ஊட்டச்சத்து ஆய்வு மையத்தில் காற்றுக் கசியாமல் அடைத்த அறைகள் இருக்கின்றன. உள்ளே ஒரு பக்கம் புதுக்காற்று நுழைகிறது, மறுபக்கம் வெளியேறுகிறது. வெளியேறும் காற்றில் ஆக்ஸிஜன் எத்தனை குறைந்தது, கார்பன் டை ஆக்ஸைடு எத்தனை கூடியது என்று இடைவிடாமல் அளக்கிறார்கள். முகமூடி இல்லை, வாயில் குழாய் இல்லை, மூக்கில் கிளிப் இல்லை. அறை முழுவதுமே முகமூடி! 2002இல் வெளியான ஓர் ஆய்வுக்காக 6 முதல் 16 வயது வரையுள்ள 26 பிள்ளைகள் ஆளுக்கு 6 மணி நேரம் அந்த அறைக்குள் இருந்தார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? நிண்டெண்டோ விளையாடினார்கள், படம் வரைந்து கைவேலை செய்தார்கள், டே போ என்ற குத்து உதைப் பயிற்சி செய்தார்கள், ஓடும் பட்டையில் நடந்தார்கள், ஓடினார்கள். உடம்பில் அசைவுமானியும் கட்டியிருந்தார்கள். காற்று சொன்ன கணக்கையும் பெட்டி சொன்ன கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான், எத்தனை குலுக்கல் வந்தால் ‘மிதமான உழைப்பு’, எத்தனை வந்தால் ‘கடும் உழைப்பு’ என்று கோடு கிழித்தார்கள்.

ஆனால் அறைக்குள் மரம் ஏற முடியாது. பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு கபடி ஆட முடியாது. நிஜ வாழ்க்கையில் வாரம் முழுக்க எவ்வளவு செலவாகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பதில் ஒரு மடக்குத் தண்ணீர்!

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நேதன் லிஃப்சன் 1949இல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்ஸைடில் இருக்கும் ஆக்ஸிஜன் அணுக்கள், உடம்பில் உள்ள தண்ணீரின் ஆக்ஸிஜன் அணுக்களோடு இடம் மாறிக் கலந்துவிடுகின்றன. இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எல்லாமே இதில்தான் இருக்கிறது! சாதாரணத் தண்ணீரில் கொஞ்சம் கனமான ஹைட்ரஜனும் கொஞ்சம் கனமான ஆக்ஸிஜனும் உள்ள தண்ணீரைக் கலந்து குடிக்கக் கொடுக்கிறார்கள். கனமான ஹைட்ரஜன் உடம்பை விட்டு வெளியேற ஒரே வழிதான்: சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் என்று தண்ணீராகவே போக வேண்டும். கனமான ஆக்ஸிஜனுக்கோ இரண்டு வழி: தண்ணீராகவும் போகலாம், கார்பன் டை ஆக்ஸைடாகவும் போகலாம். எனவே ஆக்ஸிஜன் வேகமாகக் குறையும், ஹைட்ரஜன் மெதுவாகக் குறையும். இரண்டின் வித்தியாசம் என்ன? அந்த உடம்பு விட்ட கார்பன் டை ஆக்ஸைடு! அதிலிருந்து ஆற்றல். ஒன்று இரண்டு வாரத்தில் சில முறை சிறுநீர் மாதிரி கொடுத்தால் முடிந்தது. குழந்தை பள்ளிக்குப் போகலாம், குளத்தில் குதிக்கலாம், சண்டை போடலாம். யாரும் பின்னால் போக வேண்டாம்.

லிஃப்சன் 1955இல் இதை எலிகளிடம் சோதித்துக் காட்டினார். மனிதருக்கு வர மேலும் 27 ஆண்டு ஆனது. காரணம் விலைதான். கனமான ஆக்ஸிஜன் அவ்வளவு விலை உயர்ந்தது. எலிக்குச் சொட்டு போதும், மனிதருக்கு எங்கே போவது? அளக்கும் கருவிகள் நுட்பமாகி, குறைந்த அளவே போதும் என்ற நிலை வந்த பிறகு 1982இல் டேல் ஷோலர் மனிதரிடம் செய்து காட்டினார். இந்தக் கனமான அணுக்களில் கதிரியக்கம் துளியும் இல்லை. நாம் குடிக்கும் தண்ணீரிலும் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கின்றன. கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்கூடக் கொடுத்து அளந்திருக்கிறார்கள்.

உலகெங்கும் இப்படி அளந்த தரவெல்லாம் எங்கே சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது தெரியுமா? வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகமையில்! அணு உலைகளைக் கண்காணிக்கும் அதே அமைப்புதான் குழந்தைகள் ஓடியாடிய கணக்கையும் பாதுகாக்கிறது. அந்தக் கருவூலத்திலிருந்து 2021இல் ஹெர்மன் பான்ட்சரும் அவருடன் சேர்ந்த பெரும் குழுவினரும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 29 நாடுகள், 6,400க்கு மேற்பட்டவர்கள், பிறந்து 8 நாளான சிசு முதல் 95 வயது வரை. உடம்பின் பருமனைக் கழித்துவிட்டுப் பார்த்தால், வாழ்நாளிலேயே மிக வேகமாக ஆற்றலை எரிப்பது யார்? பதின்ம வயது விளையாட்டு வீரரா? இல்லை, ஒரு வயதுக் குழந்தை! பெரியவர்களைவிட 50 சதவீதம் அதிகம். அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 3 சதவீதம் என்ற அளவில் குறைந்து இருபதை ஒட்டி நிலைபெறுகிறது. 20 முதல் 60 வரை அசையாமல் அப்படியே நிற்கிறது.

வளர்வதற்குத்தானே அவ்வளவு செலவு என்று தோன்றும். இங்கேயும் கணக்கு நம்மை அசர வைக்கிறது. பிறந்த முதல் மாதத்தில் வளர்ச்சிக்கு மட்டும் மொத்தத் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகிறது. ஒரு வயது முடியும்போது அது வெறும் 3 சதவீதம். வாரத்துக்கு வாரம் உடை சின்னதாகிப்போகும் பருவ வயதில்கூட 4 சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது.

அப்படியானால் மீதியெல்லாம் எங்கே போகிறது? பெரும் பங்கு தலைக்குள்! அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோஃபர் குசாவா குழுவினர் மூளை ஸ்கேன் தரவுகளைச் சேர்த்து 2014இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். ஐந்து வயதை ஒட்டி மூளையின் பசி உச்சத்தைத் தொடுகிறது. குழந்தை ஒரு நாளில் செலவழிக்கும் ஆற்றலில் 43 சதவீதத்தை மூளையே எடுத்துக்கொள்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020 பரிந்துரையில் 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 1,360 கிலோ கலோரி என்கிறது. அதில் 43 சதவீதம் என்றால் 585! ஓடாமல், குதிக்காமல், நினைக்கவும் கற்கவும் ஆகும் செலவு. மூளை இப்படி அள்ளிக்கொள்ளும் அதே வயதில்தான் உடம்பின் எடை மிக மெதுவாகக் கூடுகிறது. ‘என்ன கொடுத்தாலும் உடம்பில் ஒட்டவே மாட்டேன் என்கிறது’ என்று கவலைப்படும் அம்மாக்களும் பாட்டிகளும் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூடவே நடக்கும் குழந்தை ஏன் பாதி வழியில் தூக்கச் சொல்கிறது தெரியுமா? ஒரே தூரத்துக்கு ஒரு கிலோ எடைக்கு அதற்கு நம்மைவிட அதிகம் செலவாகிறது. நடை பழகாததால் என்றுதான் நினைப்போம். 2010இல் பீட்டர் வெயாண்டும் அவர் குழுவினரும் 5 வயது முதல் 32 வயது வரையுள்ளவர்களை நடக்க வைத்து அளந்தபோது வேறு உண்மை வெளிவந்தது. அவரவர் உயரத்துக்குச் சமமான தூரத்தை அவரவருக்குத் தோதான வேகத்தில் நடந்தால், ஒரு கிலோவுக்கு ஆகும் செலவு குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒன்றே! குழந்தையின் நடையில் குறையே இல்லை. உயரம் குறைவு, அதனால் அடிகள் அதிகம். அவ்வளவுதான். கடைவீதியில் விறுவிறுவென்று முன்னால் போகும் பெரியவர்கள் கொஞ்சம் நடையைத் தளர்த்தினால் புண்ணியமாகப் போகும்.

ஆனால் நின்று நின்று ஓடவிட்டால் நிலைமை தலைகீழ்! 2018இல் பிரான்ஸின் செபாஸ்டியன் ராட்டெல் உள்ளிட்ட குழுவினர் 8 முதல் 12 வயதுப் பையன்களையும், பயிற்சி இல்லாத ஆண்களையும், நீண்டதூரப் போட்டிகளில் தேறிய வீரர்களையும் சைக்கிளில் ஏற்றி முழு வேகத்தில் மிதிக்க வைத்தார்கள். களைப்பைத் தாங்குவதில் பையன்கள் வீரர்களுக்குச் சமமாக நின்றார்கள். இதயத் துடிப்பு இறங்குவதிலும் இரத்தத்தில் சேர்ந்த லாக்டேட்டை வெளியேற்றுவதிலும் வீரர்களையே முந்தினார்கள்! மூன்று நொடி ஓடி, மூச்சு வாங்கி, உடனே மறுபடி ஓடும் அந்தப் பாணிக்கு ஏற்ற உடம்பு அது. அவர்கள் பின்னால் ஓடி நாம் தோற்பதில் ஆச்சரியமே இல்லை.

எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது ஈக்வடார் நாட்டு அமேசான் காட்டிலிருந்து வந்த கணக்கு. அங்கே ஷுவார் என்ற பழங்குடி மக்கள் வேட்டையாடி, மீன் பிடித்து, தோட்டம் போட்டு வாழ்கிறார்கள். அவர்களுடைய 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு அதே கனத்த தண்ணீரைக் கொடுத்து, அசைவுமானி கட்டி, சாமுவேல் அர்லாக்கரும் உடன் ஆய்வாளர்களும் அளந்தார்கள். 2019இல் முடிவு வந்தது. அமெரிக்க, பிரிட்டிஷ் நகரப் பிள்ளைகளைவிட இவர்கள் 25 சதவீதம் அதிகமாக ஓடியாடுகிறார்கள். அப்படியானால் ஆற்றல் செலவும் அதிகம் இருக்க வேண்டுமே? இல்லை! ஒரு நாளின் மொத்தக் கணக்கு இரு தரப்புக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஓய்வில் இருக்கும்போதும் ஷுவார் பிள்ளைகள் 20 சதவீதம் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள். கிருமிகளோடும் புழுக்களோடும் அவர்கள் உடம்பின் நோய் எதிர்ப்பு அணி ஓயாமல் மோதிக்கொண்டிருப்பது அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். ஓட்டத்துக்கு ஒரு பங்கு, நோயை விரட்ட ஒரு பங்கு என்று கொடுத்துவிட்டு, மொத்தத்தை மட்டும் ஏறவிடாமல் அந்த உடம்பு வேறெங்கோ பிடித்தம் செய்கிறது. வளர்ச்சியில்கூட அந்தப் பிடித்தம் விழலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் கவலை.

இந்த முடிவு நம் ஊர்களுக்கும் ஒரு கேள்வியை வைக்கிறது. நகரத்துப் பிள்ளை பருத்துப்போவதற்கு விளையாடாததை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, தட்டிலும் பொட்டலத்திலும் என்ன இருக்கிறது என்றும் பார்த்தாக வேண்டும். அதற்காக விளையாட்டை விட்டுவிடச் சொல்கிறார்களா? இல்லவே இல்லை. 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமான அல்லது தீவிரமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது எலும்புக்கும் இதயத்துக்கும் மனத்துக்கும் சேர்த்துத்தான். அந்த 60 நிமிடத்தை ஒரே மூச்சில் ஓடித் தீர்க்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மூன்று மூன்று நொடியாகச் சேர்த்தாலும் கணக்கில் வரும்.